திருநீறு பூசிய கார்ப்பரேட்டர்

மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் புகார் மகளைப் பற்றியதல்ல. நான் கல்யாணச் சீராகக் கொடுத்த மோட்டார் சைக்கிளைப் பற்றியது. சம்பந்தியம்மாவே போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உங்க வண்டி, படுக்கையில பேயுற புள்ள மாதிரி, ராவெல்லாம் சும்மா நின்னுட்டு விடியக்காலம் வாசல்ல பேஞ்சு வச்சிருது சம்மந்தி. பெட்ரோல் நாத்தத்துல எங்க மாடு தொட்டித் தண்ணியில வாய் வைக்க மாட்டேங்குது."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெருமாள்மலை முக்கில், பழநி ரோடு பிரிகிற இடத்தில் இருக்கிறது என் ஒர்க் ஷாப். மூன்றாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். எழுத்துக் கூட்டிப் படித்ததே லாரிகளுக்குப் பின்னால் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான். வத்தலக்குண்டிலிருந்து கிளீனராக ஏறி வந்தவன் இன்று இரண்டு மாடிக் கட்டடத்துக்குச் சொந்தக்காரன். நாலு பேர் என்னிடம் கைகட்டி வேலை பார்க்கிறார்கள். என் ஷெட்டுக்கு உருட்டி வந்த வண்டி ஒன்றுகூட உருட்டித் திரும்பிப் போனதில்லை. அப்படிப்பட்டவன் தன் மகளுக்குக் கொடுத்த வண்டி ஒழுகுகிறதாம்!

அது கடையில் வாங்கிய வண்டியும் இல்லை. பழைய வண்டி ஒன்றை எடுத்து, நட்டு நட்டாகப் பிரித்து, சிலிண்டர் முதல் சீட் வரைக்கும் நானே கட்டியது. கல்யாணத்தன்றே சம்பந்தியம்மா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "புதுசுன்னு சொன்னாங்க" என்று பக்கத்தில் நின்றவளிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னாள். வடகவுஞ்சியில் பூண்டும் பீன்சும் போடுகிற குடும்பம். மூன்று தலைமுறையாக மண் வைத்திருக்கிறவர்கள். எண்ணெய்க் கை என்றால் அவர்களுக்கு ஒரு முகச்சுளிப்பு. புது வண்டியெல்லாம் இப்போது கம்ப்யூட்டர் வைத்து வருகிறது, மலையில் பாதியில் நின்றால் நின்றதுதான், இதில் இருப்பது கார்ப்பரேட்டர், யார் கை வைத்தாலும் சரி பண்ணலாம் என்று விளக்கம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

மருமகன் வண்டியைக் கொண்டுவந்தார். கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் சூப்பர்வைசர். பேச்சில் பாதி இங்கிலீஷ்.

"மாமா, இது மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்டா இருக்கும்னு நெனைக்கிறேன்."

"மேனுஃபேக்சர் பண்ணுனதே நாந்தான் மாப்ள. நீங்க போயி டீயக் குடிங்க."

பெட்ரோல் ஒழுகுவது என்றால் அதற்கு நாலே வழிதான் உண்டு. டேங்க்கில் ஓட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்குக் கீழே இருக்கிற டேப்பில் வாஷர் போயிருக்க வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் டேப்பிலிருந்து இறங்குகிற ரப்பர் டியூப். கடைசியாக கார்ப்பரேட்டர். கார்ப்பரேட்டருக்கு அடியில் டம்ளர் அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் தொங்கும். அதில்தான் பெட்ரோல் வந்து நிற்கும். நிறைந்ததும் உள்ளே ஒரு மிதவை எழும்பி, ஊசி வைத்து வழியை அடைக்கும். கிண்ணத்தின் அடியில் ஒரு குட்டித் திருகாணி உண்டு. அழுக்கு பெட்ரோலை வடிப்பதற்கு. அதைத் தளர்த்தினால் ஒரு சின்னக் குழாய் வழியாகப் பெட்ரோல் கீழே இறங்கும். இவ்வளவுதான் சமாச்சாரம். மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. கடைசித் திருகாணி வரைக்கும் இறுக்கம். இரண்டு நாள் ஷெட்டில் நிறுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

"சைடு ஸ்டாண்டு போடாதீங்க மாப்ள. ஸென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்க" என்று அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் மழை பிடித்தது. மறுபடி போன். ஊசியை மாற்றினேன், வாஷரை மாற்றினேன். கடைசியில் கார்ப்பரேட்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கி மாட்டினேன். நாலு நாள் சும்மா இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் வாசல் நனைந்திருந்ததாம். அதிலும் ஒரு வேடிக்கை. வீட்டு ஆட்கள் எழுந்து வந்து பார்க்கும்போது தரையில் ஈரம் இருக்கும், வண்டியில் சொட்டு இருக்காது.

சம்பந்தியம்மா இதற்கு ஒரு பாட்டே கட்டிவிட்டாள். "மழ பேஞ்சா ஒழுகுது, வெயிலடிச்சா நிக்குது. ஆட்டுக்குட்டிக்கு இருக்குற மாதிரி அதுக்கும் குளுரு பிடிக்குது போலருக்கு. சம்மந்திக்கிட்டச் சொல்லி ஒரு கம்பளி வாங்கிப் போடச் சொல்லுங்க." ஊரே இதைச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன்.

சொன்னவள் மேல் கோபம் இருந்தாலும், சொன்னதில் விஷயம் இருக்குமோ என்று யோசித்தேன். குளிரில் ரப்பர் சுருங்கும். அதனால் மறுபடி வண்டியை வரவழைத்து, மீன்காரன் பெட்டியிலிருந்து ஐஸ் வாங்கி, சாக்கில் கட்டி கார்ப்பரேட்டரைச் சுற்றி வைத்தேன். அவர்கள் வாசல் எவ்வளவு சரிவு என்று கேட்டு, பலகை கொடுத்து அதே சரிவில் நிறுத்தினேன். பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். ஒழுகவில்லை. ஐஸ் உருகித் தரையெல்லாம் ஓடியதுதான் மிச்சம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவன் ஒருவன் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வண்டிக்குக் காச்சலா?" என்றான். என்னிடம் வேலை பார்த்த ஒருவன் அதற்குப் பல்லைக் காட்டினான். அன்று சாயங்காலமே அவன் கணக்கை முடித்து அனுப்பினேன். என் ஷெட்டில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பவனுக்குச் சோறு போட நான் மடம் நடத்தவில்லை.

வண்டியைத் திருப்பி அனுப்பிய மூன்றாம் நாள் அது மறுபடி வந்தது. இந்தத் தடவை பின்சீட்டில் என் மகள். மடியில் பெரிய பை. மருமகன் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார்.

"அம்மா சொன்னாங்க மாமா... ஒழுகாம நிக்குறப்ப ரெண்டும் சேந்து வரட்டும்னு."

"ரெண்டும்னா?"

"வண்டியும்... இவளும்."

"நீங்க எப்பிடிப் போவீங்க மாப்ள?"

"பஸ்ல போயிக்கிறேன்."

"கட்டுனவளயும் ஏறுன வண்டியயும் எறக்கி விட்டுட்டு பஸ்ல போறீங்க. அந்த ஹெல்மெட்ட மட்டும் எதுக்குத் தூக்கிட்டுப் போறீங்க? அதயும் வச்சுட்டுப் போங்க."

மூஞ்சி சிவந்து போயிற்று அவருக்கு. ஹெல்மெட்டை வைத்துவிட்டே போனார். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒழுக்கைக் கண்டுபிடித்தால் மகளுக்கு ஒரு வீடு, இல்லாவிட்டால் என் கூரைக்குக் கீழே ஒரு வாழாவெட்டி. ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்ல ஆரம்பித்தும் விட்டார்கள். மறுநாள் டீக்கடையில் ஒருவன், "மகளும் சர்வீசுக்கு வந்துருக்கா போல" என்றான். அவன் வண்டிக்கு என் ஷெட்டில் இன்றுவரை யாரும் காற்றுகூடப் பிடிப்பதில்லை.

மகளின் அம்மா அவள் சிறுசாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தாள். ஷெட்டில்தான் வளர்ந்தாள் இவள். பத்தாம் நம்பர் ஸ்பேனர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். இப்போதும் நான் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே கருவி கையில் வந்து உட்கார்ந்தது. ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை. நான் வண்டியை வைதுகொண்டிருப்பேன், அவள் பக்கத்தில் துணியால் கையைத் துடைத்தபடி நிற்பாள். புருஷன் வீட்டு நினைப்பு என்று விட்டுவிட்டேன்.

வண்டி என் வாசலில் பத்து நாளைக்கு மேல் நின்றது. மேகம் இறங்கி ஷெட்டுக்குள்ளேயே வந்து உட்கார்கிற நாட்கள். துவைத்த துணி ஒரு வாரம் ஆனாலும் காயாது. அப்படிப்பட்ட குளிரிலும் மழையிலும் வண்டி ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒழுக்கு வண்டியில் இல்லை. அந்த வீட்டு வாசலில் இருக்கிறது. ஒழுக்குக்கு இருப்பது நாலு வழி என்று நினைத்தேனே, ஐந்தாவதாக ஒன்று உண்டு: கை.

யாருடைய கை என்று கேட்டால் யார் சொல்வார்கள்? பெட்ரோல் எங்கே கசிகிறது என்று பார்க்க எங்கள் தொழிலில் சுண்ணாம்புப் பொடியைத் தூவி வைப்பதுண்டு. கசிந்த இடத்தில் கோடு விழும். ஆனால் வண்டியில் வெள்ளைப் பொடி கண்டால் எவரும் துடைத்துவிடுவார்கள், சந்தேகமும் வரும். இந்தச் சீமையில் ஒரே ஒரு வெள்ளைப் பொடியைத்தான் யாரும் துடைக்கமாட்டார்கள். பழநித் திருநீறு. இந்த யோசனை வேறு எவனுக்கும் வந்திருக்காது.

கார்ப்பரேட்டரையும் டேப்பையும் டியூப்பையும் சுத்தமாகக் கழுவிக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு ஒற்று ஒற்றி, அடிப்பக்கமெல்லாம் மெல்லிசாகத் திருநீறு பிடிக்கும்படி ஊதினேன். ஊருக்குத் தெரிவதற்கு டேங்க் மேல் மூன்று பட்டை, நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. மகள் வந்து குனிந்து, நான் எங்கே ஊதுகிறேன் என்று பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம்ப்பா."

"என்னத்த வேண்டாங்குற?"

"சாமி சமாச்சாரம்... அடியில போயிப் பூசுறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருமகனை வரச் சொல்லி, என் ஜீப்பிலேயே வண்டியை ஏற்றி அனுப்பினேன். "பழநியில வச்சு பூச பண்ணுனது மாப்ள. ஒரு வாரத்துக்கு யாரும் ஏறக் கூடாது, தொடைக்கக் கூடாது. கூரைக்கு உள்ள நிறுத்துங்க. ஞாயித்துக்கெழம ஜீப்பு வரும்."

"அப்ப இவ, மாமா?"

"மொதல்ல வண்டி. அவ பெறகு."

ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்து இறங்கியது. "ரெண்டு நாள் ஒழுகுச்சு மாமா. பூசயும் கேக்கல" என்றார் மருமகன் கூடவே வந்து. அவரை டீக்கடைக்கு விரட்டிவிட்டு, டார்ச் லைட்டை வாயில் கடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.

டேங்க்கில் திருநீறு அப்படியே இருந்தது. டேப்பில் இருந்தது. டியூப்பில், மேல் மூடியில், எல்லாவற்றிலும் நான் ஊதியது ஊதியபடி. கிண்ணத்தின் அடியில் மட்டும் மூன்று விரல் பட்டு வழித்திருந்தது. வழித்த இடத்தில் கரி. எஞ்சின் கரி இல்லை, அது பிசுபிசுப்பாக இருக்கும். இது விறகுக் கரி. குட்டித் திருகாணியின் தலையில், திருகுவதற்கு வெட்டியிருக்கிற நடுக்காடி நாலு திசைக்கும் கிழிந்து பளபளத்தது. ஸ்க்ரூ டிரைவர் அப்படிக் கிழிக்காது. கத்தி கிழிக்கும். இறுக்கமும் என் இறுக்கம் இல்லை. பயந்தவர்கள் இறுக்குகிற இறுக்கம்.

எழுந்து உள்ளே போனேன். மகள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையில் ஒட்டியிருந்த கரியை அவள் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"யாரு?"

அவள் தண்ணீரை வடித்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அத்தை."

"எதுக்கு?"

"வெந்நி அடுப்புக்குப்பா. மாமாவுக்கு வெள்ளனே குளிக்க வெந்நி வேணும். வெறகு பூரா ஈரம். வாட்டில் மரத்துக் கட்ட, ஊதி ஊதிப் பாத்தாலும் புகையுமே தவிர பத்தாது. ரேஷன்ல மண்ணெண்ணயும் இப்ப இல்ல. ஒரு டப்பா பெட்ரோல் வடிச்சு ஊத்தி கொளுத்துறாங்க. இருட்டுல வெறச்ச கையோட முறுக்குறப்ப சில நாள் சரியா முறுக மாட்டேங்குது. ஒழுகிக் கெடக்கும். விடிஞ்சு பாத்துட்டு, யாரும் வாறதுக்கு முன்னால வெரசா போயி முறுக்கி விட்டுருவாங்க."

"தானா ஒழுகலன்னு அந்தம்மாவுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் ஒன்னய இங்க அனுப்புனா."

அவள் அடுத்த தண்ணீரை ஊற்றி அரிசியை அலசினாள்.

"அந்தத் திருகாணியத் தொறந்தா பெட்ரோல் வரும்னு பூண்டுக் காட்டுக்காரிக்கு எவன் சொல்லிக் குடுத்தான்?"

அரிசியில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள்.

"நாந்தாம்ப்பா. போன புதுசுல அடுப்பு எனக்குப் பத்தல. மெக்கானிக்கு மகளுக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியலன்னு தெனமும் பேச்சு. ஒரு நாள் அழுதுக்கிட்டே நின்னேன், வண்டி கண்ணுல பட்டுச்சு. வடிச்சு ஊத்துனேன், குபுக்குன்னு பத்திக்கிச்சு. அத்தை பாத்துட்டாங்க. வெவரமான புள்ளன்னாங்க. ஒரு மாசம் நல்ல பேரு வாங்குனேன். அப்பறம் அவங்களே எடுக்க ஆரம்பிச்சாங்க. கத்திய விட்டு திருகுனாங்க. வேண்டாம் அத்தைன்னேன். ஒங்கப்பன் வண்டின்னா ஒனக்கு மட்டுமான்னாங்க."

"நான் ஐஸு வாங்கி வச்சு ஊரு சிரிக்க வண்டியக் குளிப்பாட்டுனேன். நீ பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்த."

"பாத்தேன்."

"சொல்றதுக்கு வாயில என்ன இருந்துச்சு?"

"சொல்லிட்டு அங்க போயி எப்பிடிப்பா இருக்குறது? நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு அத்தை ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவரு என்னயத்தான் கேப்பாரு. நீங்க யாருக்கும் சொல்லிராதீங்க. எப்பிடியாவது ஒழுகாமப் பண்ணி என்னயக் கொண்டுபோயி விட்டுருங்க."

சொல்லவில்லை. வாயால் சொல்வது ஒரு நிமிஷத்துச் சமாச்சாரம். சம்பந்தியம்மா இல்லை என்பாள், நான் ஆமாம் என்பேன், ஊர் கூடும், பேசும், கலையும். எனக்கு அது போதாது. கிண்ணத்தைத் தனியாகக் கழற்றி, அந்தத் திருகாணியை அதில் இறுக முறுக்கி, தலைக் காடியைப் பித்தளை ஊற்றி அடைத்து, அரம் போட்டுத் தேய்த்து உருண்டையாக்கினேன். பூட்டிய பிறகு பார்த்தால் வழுவழுவென்று ஒரு பித்தளைப் பருக்கை, அவ்வளவுதான். கத்தி நிற்காது, காசு நிற்காது, ஸ்க்ரூ டிரைவர் நிற்காது. நானே நினைத்தாலும் துளை போட்டுத்தான் கழற்ற வேண்டும். மேலே டியூப்பைப் பிடுங்க முடியாதபடி கம்பி வைத்து முறுக்கினேன். டேங்க் மூடிக்குப் பூட்டு உண்டு, சாவி மருமகனிடம். அப்புறம் அந்தம்மாவுக்கு விறகும் வாயும்தான்.

மகளைப் பின்னால் உட்காரவைத்து நானே ஓட்டிப் போனேன். மாதுளையும் ஆப்பிளும் ஒரு கூடை. "வண்டி சரியாப் போச்சு சம்மந்தி. இனிமே ஒழுகுனா எம்மீசய எடுத்துக்கிறேன்" என்று முற்றத்தில் நின்று சத்தமாகச் சொன்னேன். சம்பந்தி சந்தோஷப்பட்டார், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சம்பந்தியம்மா, "பாப்போம், பாப்போம்" என்றாள். அவள் நெற்றியில் திருநீறு. ஒரு பக்கத்துப் புருவம் பாதி கருகிப் போயிருந்தது. அதை முன்னாலும் பார்த்திருக்கிறேன், பெட்ரோல் நெருப்பின் வேலை என்று அன்றுதான் புரிந்தது.

"மழ தூறுது, ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறேன்" என்றேன். தங்கினேன்.

வெள்ளனே விழித்து, வாசல் பக்கத்து அறையில் கம்பளிக்குள் காதை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருந்தேன். கோழி கூப்பிடவில்லை, மழையில் அதற்கும் சோம்பல். கதவு கிறீச்சிட்டது. காலடி. தகர டப்பா தரையில் உட்காருகிற சத்தம். அப்புறம் கத்தி. சறுக்கியது. மறுபடி வைத்தாள், மறுபடி சறுக்கியது. கிறுக் கிறுக்கென்று எத்தனை தடவை! என் ஆயுசில் எத்தனையோ எஞ்சின் சத்தம் கேட்டிருக்கிறேன். அவ்வளவு இனிப்பான சத்தம் கேட்டதில்லை. நன்றாகக் கேட்டு முடித்த பிறகு எழுந்து வெளியே போனேன்.

"என்ன சம்மந்தியம்மா, இருட்டுல வண்டிக்கிட்ட என்ன சோலி?"

துள்ளி எழுந்தாள். கத்தி முந்தானைக்குள் போயிற்று.

"சும்மா... ஒழுகுதான்னு பாத்தேன்."

"ஒழுகுதா?"

"இல்ல."

"ஒழுகாது. நீங்க தலகீழா நின்னாலும் ஒழுகாது. டப்பா எதுக்கு?"

"சாணி அள்ள."

"நல்ல சோலிதான். அள்ளிட்டு வெந்நி போடுங்க. சம்மந்தியும் நானும் குளிக்கணும்."

என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வேண்டியது அதுதான்.

வெந்நீர் அடுப்பு பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே. ஒரு மர முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் சுள்ளி அடுக்கினாள், பேப்பர் கிழித்துக் கொளுத்தினாள். பேப்பர் எரிந்து அணைந்தது. ஊதுகுழலை எடுத்து ஊதினாள். புகைதான் வந்தது. கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஊதினாள்.

"பூண்டுத் தோலப் போடுங்க, நல்லாப் பத்தும்" என்றேன்.

"எல்லாம் நமுத்துக் கெடக்கு."

"போன வாரமெல்லாம் எப்பிடிப் பத்துச்சு?"

உள்ளேயிருந்து சம்பந்தி, "ஏய், வெந்நி என்னாச்சு? கரும்பு ஆட்டுறியா அங்க?" என்று கத்தினார். மருமகன் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து, "என்னம்மா, தெனமும் ரெண்டு நிமிசத்துல பத்த வச்சிருவ?" என்றார். நான் முக்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பொம்பளை இருமி இருமி மூச்சு முட்டியதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. என் மகளை மடியில் பையோடு ஏற்றி அனுப்பியவள்.

அப்போது அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தை நிதானமாகத் துடைத்தாள்.

"ஏ புள்ள, இங்க வா. வந்து ஊது."

என் மகள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து ஊதுகுழலை எடுத்தாள். சம்பந்தியம்மா எனக்கு எதிரே ஒரு பூண்டு மூட்டை மேல் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"நல்லா ஊதுவா. ஒங்க வளப்புல்ல."

என்ன சொல்வது? மருமகள் அடுப்பு ஊதுவதை எந்த ஊரில் எந்தப் பஞ்சாயத்து குற்றம் என்று சொல்லியிருக்கிறது? மகள் ஊதினாள். கழுத்து நரம்பு புடைத்தது. புகைக்குள் தலை மறைந்து மறைந்து வெளியே வந்தது. இருமல் வந்தால் முகத்தைத் திருப்பி இருமிவிட்டு மறுபடி ஊதினாள். நானும் அந்தம்மாவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வழியாகத் தீ பிடித்தது. அண்டாவில் தண்ணீர் கொதித்தது.

"குளிங்க சம்மந்தி" என்றாள்.

குளித்தேன். குளிக்காமல் கிளம்பியிருந்தால் அவள் ஜெயித்த மாதிரி ஆகியிருக்கும். நிதானமாக, செம்பு செம்பாக ஊற்றி, முதுகு தேய்த்துக் குளித்தேன். "நல்ல சூடு" என்று வெளியே வந்து சொன்னேன்.

கிளம்பும்போது மருமகன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "சூப்பர் மாமா. ஒரு டிராப் இல்ல" என்றார். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் மகள் கூட வந்தாள். கண்ணிமை இரண்டும் வீங்கியிருந்தது.

"அப்பா, அந்தத் திருகாணியப் பழயபடியே மாட்டிருங்களேன்."

"எதுக்கு? ஒழுகவா?"

"ஒழுகுனா வசவுதான். வசவு ஒரு நேரத்துக்குத்தான். இது தெனமும். மழ முடிய இன்னும் எத்தன மாசம் கெடக்கு?"

"ஒழுகுச்சுன்னா மறுபடியும் பைய மடியில வச்சு அனுப்புவா."

"அனுப்புனா வாறேன்."

"எம்பேரு என்னாகுறது? நான் கட்டுன வண்டி ஒழுகாது. மாட்ட மாட்டேன்" என்றேன். "காஞ்ச வெறகு அனுப்புறேன், போ."

அவள் தலையை ஆட்டினாள். பஸ் வந்தது, ஏறினேன்.

சொன்னதைச் செய்தேன். என் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு வருஷமாக மூடி வைத்திருந்த விறகு, தட்டினால் மணி மாதிரிச் சத்தம் கொடுப்பது, ஒரு ஜீப் நிறைய ஏற்றி அனுப்பினேன். மழை வலுத்திருந்தது. நாலு நாள் கழித்து மகளுக்குப் போன் போட்டேன்.

"வெறகு வந்துச்சா?"

"வந்துச்சுப்பா."

"நல்லாருக்கா?"

"நல்ல வெறகு."

"எங்க அடுக்கிருக்கு?"

போனில் தகரக் கூரை மேல் மழை அடிக்கிற சத்தம் கேட்டது.

"வெளியில மழையிலப்பா. உள்ள எடமில்லன்னு அத்தை சொல்லிட்டாங்க."

மூடி வைக்கத் தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன். அதுவும் அந்தம்மா கையில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"வண்டி?" என்றேன்.

"ஒழுகலப்பா."

"அது போதும்" என்று போனை வைத்தேன்.